பாலையாவின் காது

அன்புள்ள ஐயா,

மன்னார்குடி பக்கம் ஒரு சின்ன நாடகக் குழுவில் நடித்துக்கொண்டிருக்கிறேன். வயது 32. சினிமாவில் இதுவரை கிடைத்ததெல்லாம் கூட்டத்தில் நிற்கும் வேடம். ஒரு படத்தில் வசனம் பேசினேன். படம் வந்தபோது அந்தக் காட்சியே இல்லை. டி.எஸ். பாலையா, எம்.ஆர். ராதா, நாகேஷ், டெல்லி கணேஷ் என்று மேடையிலிருந்து போனவர்களைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன். இவர்களுக்கு உரிய விருது ஏன் கிடைக்கவில்லை? நடிகனுக்கு நாடகம் பெரிதா, சினிமா பெரிதா? நான் சென்னைக்கே போய்விடலாமா, இல்லை வயது கடந்துவிட்டதா? எங்கள் நாடகத்தின் வீடியோ ஒன்றை அனுப்பியிருக்கிறேன். நேரமிருந்தால் பாருங்கள்.

க., மன்னார்குடி

அன்புள்ள க.,

விருதுக் கணக்கு எனக்கு வேண்டாம். நாடகமா சினிமாவா என்பது பொங்கலன்று டிவியில் பட்டிமன்றம் நடத்துகிறவர்களின் பிழைப்பு, அதில் நாம் கைவைக்கக் கூடாது. வயது? டெல்லி கணேஷ் 1964 முதல் 1974 வரை விமானப்படையில் இருந்துவிட்டு, முப்பதைத் தாண்டித்தான் சினிமாவுக்குள் வந்தார். போதுமா?

பாலையாவின் பெயரை முதலில் எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாக அவர் படங்களைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். வீட்டில் திட்டு விழுகிறது.

என் பெரியப்பா தவில்காரர். திருவாரூர் பக்கத்தில் ஒரு கோயிலில் முறை வாசித்தவர். நாச்சியார்கோவில் ராகவப் பிள்ளை, வலங்கைமான் சண்முகசுந்தரம் பிள்ளை என்ற பெரிய தவில் வித்வான்களை நேரில் உட்கார்ந்து கேட்டவர். சினிமா என்றாலே முகம் சுளிப்பார். ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968-ல் வந்தபோது ஊரே சிவாஜி நடித்த சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாயனத்தைப் பற்றிப் பேசியது. எங்கள் வீட்டில் பேச்சு பாலையா நடித்த தவில்காரர் முத்துராக்கைப் பற்றித்தான். டூரிங் டாக்கீசில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு வீடு திரும்பும் வழியெல்லாம் பெரியப்பா வாயே திறக்கவில்லை. வாய்க்கால் மதகு தாண்டியதும் சொன்னார்: “அந்தாளு கை நாலு எடத்துல பொய் சொல்லுது. காது பொய் சொல்லல.”

எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. தவில்காரனுக்குக் கைதானே எல்லாம்? வலது கை விரல்களில் கூடு மாட்டி வலப்பக்கத்து வலந்தலை, இடது கையில் கழி பிடித்து இடப்பக்கத்துத் தொப்பி, அவ்வளவுதானே என்று கேட்டுவிட்டேன். மறுநாள் சாமி புறப்பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காரவைத்தார். நாயனக்காரர் ராகம் வாசித்துக்கொண்டிருந்தார். மிருதங்கக்காரர் அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடலாம். தவிலுக்கு அந்தச் சலுகை இல்லை, ஆலாபனைக்கு நடுவிலேயே புகுந்து வாசிக்க வேண்டும். எங்கே புகுவது, எப்போது கையை எடுப்பது என்று யாரும் சைகை காட்ட மாட்டார்கள். நாயனக்காரர் மூச்சு எங்கே முடிகிறது என்று காது சொல்ல வேண்டும். ஒரு நொடி முந்தினால் அவர் ராகத்தை மிதித்தவர் ஆவீர்கள். ஒரு நொடி பிந்தினால் தெருவே வெறிச்சென்று கிடக்கும்.

பாலையாவை இப்போது பாருங்கள். ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) நாகேஷ் அப்பாவாக வரும் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற காட்சி. பேச்சு முழுக்க நாகேஷ். சத்தமும் அவரே, பேயும் அவரே. ஆனால் நீங்களும் நானும் எந்த முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம்? பயப்படுவதற்கு ஓர் இம்மி முன்னால் அந்தப் பெரிய மனிதருக்குத் தான் பணக்காரர் என்பது மறந்துபோகிறதே, அதைத்தான். பாலையாவை எடுத்துவிட்டு வேறொருவரை அங்கே உட்காரவையுங்கள், நாகேஷ் சுவரோடு பேசிக்கொண்டிருப்பார்.

‘திருவிளையாட’லிலும் (1965) அதேதான். ஹேமநாத பாகவதர் என்றதும் எல்லோருக்கும் ‘ஒரு நாள் போதுமா’ ஞாபகம் வரும். அது பாலமுரளிகிருஷ்ணாவின் குரல். பாலையா அதற்குச் செய்திருப்பது அமர்க்களமான வாயசைப்பு, சரி. பாகவதர் உண்மையில் தோற்பது விறகுவெட்டியின் பாட்டைக் கேட்கும்போதுதான். பாடத் தெரிந்தவன் தன்னைவிடப் பெரிய பாட்டைக் கேட்கிறான். பொறாமைப்படக்கூட அவனுக்கு நேரமில்லை. 1936-ல் ‘சதிலீலாவதி’யில் வில்லனாக வந்த மனிதர் முப்பது வருஷத்துக்குள் இங்கே வந்து சேர்ந்திருக்கிறார். நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்களுக்கு இது வாய்த்ததில் ஆச்சரியமில்லை. ஒரே நாடகம், ஒரே வசனம், இரவுக்கிரவு. எதிரில் நிற்பவனின் குரல் இன்று எப்படி இருக்கிறது என்று கவனிக்காவிட்டால் நடிகன் ஒரு மாதத்தில் பொம்மையாகிவிடுவான்.

வீடியோவுக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. உங்கள் குரல் எனக்குப் பிடித்தது. ‘என்னத்தச் சொல்ல’ என்று துண்டை உதறித் திரும்பினீர்களே, அங்கே எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆளைக் கண்டேன். அதைச் சொல்லிக் கொடுத்து வரவழைக்க முடியாது. ஆனால் அந்தப் பெண் அழுதுகொண்டு பேசுகிறாளே, அப்போது உங்கள் உதடு அசைகிறது! அவள் வசனத்தை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டு உங்கள் முறைக்குக் காத்திருக்கிறீர்கள். ரேஷன் கடை வரிசையா அது? அவள் சொல்வதில் ஒரு சொல்லாவது உங்கள் காதில் விழுந்ததா? இந்த லட்சணத்தில் பாலையாவுக்கு ஏன் விருது தரவில்லை என்று நீங்கள் வருத்தப்படுகிறீர்கள்.

சென்னைக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி மயிலாடுதுறைப் பக்கத்துப் புஞ்சைக்காரர். அங்கே பயின்ற பசுபதியையும் கலைராணியையும் திரையில் பார்த்திருக்கிறீர்கள். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆறு மாத வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கையில் இல்லாமல் மட்டும் பஸ் ஏறாதீர்கள்.

போவதற்கு முன் அந்த நாடகத்தை இன்னொரு தடவை போடுங்கள். தேதியை எழுதுங்கள், வருகிறேன். முன்வரிசையில் உட்கார்ந்து அந்தப் பெண் பேசும்போது உங்கள் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.