இயற்கைக் களைக்கொல்லிகளின் திறனை நானோ தொழில்நுட்பத்தால் கூட்ட முடியுமா?

கூட்ட முடியும். ஆனால் ரசாயனக் களைக்கொல்லியே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு இன்னும் வரவில்லை.

கிராம்பு எண்ணெயையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள யூஜினால் இலையின் செல் சவ்வைச் சிதைத்துவிடும். இளங்களை மீது வெயிலில் தெளித்தால் சில மணி நேரத்தில் இலை துவண்டு, ஓரம் கருகும். ஆக, வீரியத்துக்குக் குறைவில்லை. இலையில் தங்க வைப்பதுதான் பெரும்பாடு. எண்ணெய் தண்ணீரோடு சேராது, சீக்கிரம் ஆவியாகும், மெழுகுப் பூச்சுள்ள இலையிலிருந்து துளி உருண்டு மண்ணில் விழுந்துவிடும். அதனால் அளவைக் கூட்டித் தெளிக்கிறார்கள், செலவு கட்டுப்படியாவதில்லை.

நானோ பால்மம், அதாவது எண்ணெயை மிக நுண்ணிய துளிகளாகத் தண்ணீரில் கலந்த கலவை, கைகொடுப்பது இங்கேதான். எண்ணெயோடு பாலிசார்பேட் 80 போன்ற பால்மமாக்கியும் (எண்ணெயையும் தண்ணீரையும் கலக்க வைக்கும் பொருள்) தண்ணீரும் சேர்த்து மீயொலிக் கருவியில் அடிக்கும்போது, பால் மாதிரி வெள்ளையாக இருந்த கலவை மெல்ல நீலம் பாய்ந்து, கண்ணாடி போலத் தெளியத் தொடங்கும். துளிகள் 100 நானோமீட்டருக்கும் கீழே போய்விட்டன என்பதற்கு அது நல்ல அறிகுறி. தலைமுடியின் தடிமனே கிட்டத்தட்ட 80,000 நானோமீட்டர்! இந்தப் பொடித்துளிகள் எளிதில் பிரிந்து மேலே மிதக்காது, இலையிலும் சீராகப் பரவும்.

ஆனால் ஒன்று. பால்மமாக்கியும் இலையைப் பாதிக்கும். ஆகவே எந்த ஆய்வைப் படித்தாலும், வெறும் பால்மமாக்கி தெளித்த செடியோடு ஒப்பிட்டார்களா என்றுதான் முதலில் பார்ப்பேன். அப்புறம், பிரேசில் ஆய்வாளர்கள் அட்ரசினை நானோ உறைக்குள் அடைத்து, பத்தில் ஒரு பங்கு அளவிலேயே கடுகுச் செடியைக் கட்டுப்படுத்தியதை 2015-இல் வெளியிட்டார்கள். நல்ல ஆய்வுதான், ஆனால் அட்ரசின் ரசாயனக் களைக்கொல்லி. இதையே இயற்கைக் களைக்கொல்லிக்குச் சான்றாகக் காட்டுவது சரியில்லை.

எண்ணெய் தவிர, சோளத்தின் வேர் சுரக்கும் சோர்கோலியோன் போன்ற, களையை வளரவிடாத இயற்கைப் பொருள்களும் உண்டு; ஆனால் அவற்றை மண் நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் உறைக்குள் அடைத்து மெதுவாக வெளிவிடலாம் என்பது யோசனை. எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம்.

துளியை எவ்வளவு பொடியாக்கினாலும் கிராம்பு எண்ணெய் போன்றவற்றுக்குப் பயிர் எது, களை எது என்று தெரியாது. பட்ட இடம்தான் கருகும். கோரை கிழங்கிலிருந்து மறுபடி கிளம்பிவிடும். எனவே விதைப்புக்கு முன்போ, வரிசைகளுக்கு நடுவே பயிரில் படாமலோ, இரண்டு நான்கு இலை விட்ட களை மீது தெளியுங்கள். ‘நானோ’ என்று அச்சிட்ட புட்டியை வாங்கும்முன் துளி அளவு என்ன, சில மாதம் வைத்திருந்த பிறகும் அதே அளவு நிற்கிறதா என்று கேளுங்கள். இருப்பில் துளிகள் மெல்லப் பெருப்பது சகஜம்.