பாலடின் சத்தியத்தை மீறினால் தட்டிக் கேட்பது யார்?

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு (2014) ஆடுகிறோம். நான்தான் டிஎம் (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துபவர்). போன வாரம் எங்கள் பாலடின் (சத்தியம் எடுத்த புனித வீரர்), சரணடைந்த காப்ளின் (குட்டிப் பூதம்) ஒன்றை வெட்டிவிட்டார். "உன் சக்தி எல்லாம் போச்சு" என்றேன். பெரிய சண்டையாகிவிட்டது. நடத்தை விதியைக் காக்க வேண்டியது நானா, அவரா?

பதில்: அந்தச் சத்தியத்துக்காக அவருக்குத் தனியாக ஏதாவது கிடைத்ததா என்று முதலில் பாருங்கள்.

இதே ஆட்டத்துக்கு 1978-இல் வந்த விதிப்புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் பாலடின், சாதாரண ஃபைட்டரை (போர்வீரரை) விடப் பல படி மேல். நோய் அண்டாது, கை வைத்தால் காயம் ஆறும், தீய சக்திகள் தாக்கினால் பத்தடிக்குக் காப்பு உண்டு. இத்தனைக்கும் விலைதான் நடத்தை விதி. தெரிந்தே தீமை செய்தால் பட்டம் நிரந்தரமாகப் போய், வெறும் ஃபைட்டர் ஆகிவிடுவார். விலை என்று ஒன்று இருந்தால் வசூலிக்க ஆள் வேண்டுமே; அது டிஎம். கர்ப்ஸ் என்ற வேறொரு ஆட்டத்திலும் இதே கதைதான். கௌரவ விதியை ஒரு குறையாக எடுத்தால் புள்ளிகள் கிடைக்கும், அவற்றை வைத்து வேறு திறமை வாங்கலாம். வாங்கிவிட்டு விதியை மறந்தால், ஆட்டத்தை நடத்துபவர் கேட்கத்தான் வேண்டும்.

நீங்கள் ஆடும் பதிப்பில் அந்தப் பேரமே இல்லை. பாலடினும் மற்ற பாத்திர வகுப்புகளுக்குச் சமமாகவே வைக்கப்பட்டவர். அதனால் சத்தியம் அவருடையது, காப்பதும் முதலில் அவர் பொறுப்பு. அவர் எடுத்தது எந்தச் சத்தியம் என்று கேட்டீர்களா? டிவோஷன் என்றால் எதிரிக்கும் இரக்கம் காட்டச் சொல்கிறது, அதுவும் விவேகத்தோடு. வெஞ்சன்ஸ் என்றால் ஜென்ம எதிரிக்கு இரக்கமே கிடையாது. ஒரே வெட்டு, ஒன்றில் பிழை, மற்றொன்றில், வெட்டுப்பட்டது ஜென்ம எதிரியென்றால், கடமை. வேண்டுமென்றே மீறி, வருந்தவும் மறுப்பவரிடம்தான் புத்தகம் டிஎம்முக்குக் கடைசி அதிகாரத்தைக் கொடுக்கிறது.

(பென்ட்ராகன் என்ற ஆட்டத்தில் இந்தத் தகராறே குறைவு. அங்கே பாத்திரத்தின் குணங்களுக்கு எண் உண்டு; இரக்கமும் கொடூரமும் சேர்ந்து 20. இரக்கம் 14 என்றால் கொடூரம் 6. பாத்திரம் எந்தப் பக்கம் சாயும் என்று இருபது முகப் பகடையை உருட்டினால் முடிந்தது. பகடையிடம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.)

உங்கள் வேலை வாள் இறங்குவதற்கு முன்னால். "உன் சத்தியம் இதற்கு என்ன சொல்லும்?" என்று ஒரே ஒரு கேள்வி. ஆடுபவர் மறந்திருக்கலாம், பாலடின் மறந்திருக்க மாட்டார். கேட்டும் வெட்டினால், சரி, வெட்டட்டும். நானும் ஒருமுறை கேட்காமல் சக்தியைப் பறித்துவிட்டு, அன்றைய ஆட்டத்தையே வாதத்தில் தொலைத்திருக்கிறேன்.

மற்ற மூவரை நீதிபதியாக்க வேண்டாம். பாலடினும் ரோகின் (திருட்டில் கைதேர்ந்த பாத்திரத்தின்) திருட்டுக்குக் காவலர் இல்லை. அவர் சத்தியம் அவரை மட்டும்தான் கட்டும்.

அடுத்த முறை உட்கார்ந்ததும் சக்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம், சரணடைந்தாலும் உயிர் தப்பாது என்று கேள்விப்பட்ட காப்ளின் கூட்டம் அடுத்த குகையில் எப்படிச் சண்டை போடும் என்று யோசியுங்கள்.