1986 விலையில் இன்றைய நெல்

கேள்வி: நெல்லுக்கும் ரேஷன் அரிசிக்கும் கொடுக்கும் மானியத்தைக் குறைத்தால்தான் உலக வர்த்தக அமைப்பில் இந்தியாவுக்கு மரியாதை என்று டி.வி. விவாதத்தில் ஒருவர் சொன்னாரே, சரியா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: என்ன மரியாதை? அந்த அமைப்பில் போடும் கணக்கைப் பாருங்கள். வளரும் நாடு ஒரு பயிருக்குத் தரும் மானியம், அந்தப் பயிரின் உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சரி, மானியம் எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இன்றைய ஆதார விலையிலிருந்து 1986-88ல் இருந்த உலக விலையைக் கழிக்க வேண்டும். மிச்சம் மொத்தமும் மானியக் கணக்கில் ஏறிவிடும். டீசலும் உரமும் ஆள் கூலியும் அந்த விலையிலா இருக்கின்றன? 2025-26ல் சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் அறிவித்தார்கள். சாகுபடி செய்கிறவரைக் கேட்டால், அதுவே கட்டுப்படியாகவில்லை என்பார்.

1994ல் மாரகேஷில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் உள்ள கணக்கு இது. அதற்கு முன்பு மானியத்தை அள்ளிக் கொடுத்த நாடுகளுக்குத் தனி வரம்பு கிடைத்தது. அமெரிக்காவுக்கு மட்டும் 1,910 கோடி டாலர். நமக்கு அந்த 10 சதவீதம்தான். 2013ல் பாலி மாநாட்டில், இதற்கு நிரந்தரத் தீர்வு வரும்வரை, வரம்பைத் தாண்டினாலும் வழக்குப் போட மாட்டோம் என்று உறுப்பு நாடுகள் சொல்லின. 2018-19ல் அரிசியில் வரம்பைத் தாண்டிய இந்தியா அந்தப் பாதுகாப்பில்தான் நின்றது. 2017க்குள் வர வேண்டிய தீர்வு 2024 அபுதாபி மாநாட்டிலும் வரவில்லை. மானியத்தைக் குறைக்காதீர்கள், கணக்கை மாற்றச் சொல்லிச் சண்டை போடுங்கள்.

ஆனால் நம் பக்கமும் ஒரு தப்பு இருக்கிறது. உலக அரிசி வர்த்தகத்தில் சுமார் 40 சதவீதம் நம்முடையது. ஏழை நாடுகளுக்காகப் பேசுகிறோம் என்று சொல்லிக்கொண்டே 2022 செப்டம்பரில் குருணை ஏற்றுமதியை ஒரே அறிவிப்பில் நிறுத்தினோம். மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில் அன்றாடச் சாப்பாடே குருணைதான். வாங்கும் நாட்டுக்கு அவகாசம் கொடுத்திருக்க வேண்டாமா?

அப்புறம், நான் எப்போதும் சொல்கிற விஷயம்: கொள்முதல் நிலையம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லைத் திருப்பிவிடுகிறார்கள். மழையில் களத்தில் கொட்டிக் கிடக்கும் நெல் எப்படிக் காயும்? தார்ப்பாய்க்கு அடியிலேயே முளை விடுகிறது. ஆதார விலை எவ்வளவு ஏறினாலும் முளைத்த நெல்லுக்கு அது கிடைக்காது. உலர்த்தும் இயந்திரத்துக்கும் கூரை போட்ட களத்துக்கும் செலவு செய்ய எந்த நாட்டின் அனுமதியும் வேண்டியதில்லை. அடுத்த குறுவை அறுவடைக்கு முன்பே அதைச் செய்யலாம்.