6ஜி வரும்வரை ஃபோன் வாங்காமல் இருக்கலாமா?

வீட்டுக்குள் 5ஜி விட்டுவிட்டு வருகிறது, புது ஃபோன் வாங்காமல் 6ஜிக்குக் காத்திருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து காத்திருக்காதீர்கள். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 6ஜிக்கான அடிப்படை வரையறையையே 2023இல்தான் ஏற்றது. அதற்கு வைத்த பெயரே ஐஎம்டி-2030. சேவை தொடங்க 2030 வாக்கில் ஆகும், நம் தெருவுக்கு வர அதற்கு மேலும் ஆகலாம்.

உங்கள் சிக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் அலைவரிசைதான். இந்தியாவில் 5ஜி அதிகம் ஓடுவது 3.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டி. வெளியே வேகம் அள்ளும், கான்கிரீட் சுவரைத் தாண்டினால் துவண்டுவிடும். 6ஜிக்காகப் பேசப்படும் 7 கிகாஹெர்ட்ஸ் பக்கம் சுவரில் இன்னும் தடுமாறும்.

அலைவரிசை குறையக் குறைய சுவரை நன்றாகத் தாண்டும். அப்படித் தாண்டுவது 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது 0.7 கிகாஹெர்ட்ஸ். ஜியோ அதை 2022 ஏலத்தில் வாங்கியது. நீங்கள் பார்க்கும் ஃபோனின் விவரப் பட்டியலில் ‘என்28’ இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் இந்த அலைவரிசைப் பட்டை. வாங்குவதற்கு முன் ஜியோ 5ஜி சிம் உள்ள ஒருவரை வீட்டு உள்ளறையில் உட்காரவைத்துச் சோதித்துவிடுங்கள். அப்புறம், பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை காலிங்கை, அதாவது வீட்டு வைஃபை வழியாகவே அழைப்பு போகும் வசதியை, இன்றைக்கே ஆன் செய்யுங்கள். பேச்சு அறுபடுவது பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.