பழைய லைட்ரூம், புதிய கேமரா: எதற்கு மாறலாம்?

கேள்வி: பல வருடமாக அடோபியின் படத் திருத்த மென்பொருளான லைட்ரூம் 6 வைத்திருக்கிறேன். இப்போது கேனான் ஆர்50 வாங்கினேன். அதன் சிஆர்3 ஃபைல்களை (கேமரா பதப்படுத்தாமல் தரும் ரா படங்கள்) லைட்ரூம் திறக்கவில்லை. லேப்டாப்பில் 8 ஜிபி ரேம். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பறவைகளும் கோயில் திருவிழாக்களும் எடுப்பது பொழுதுபோக்கு. புதிய லைட்ரூமுக்கு மாதச் சந்தா கட்டித்தான் ஆக வேண்டுமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். லைட்ரூம் 6-க்கு 2017 டிசம்பரோடு அப்டேட் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வந்த கேமராக்களை அதற்கு அடையாளம் தெரியாது. அடோபி இலவசமாகவே தரும் டிஎன்ஜி கன்வர்ட்டரில் டிஎன்ஜி என்ற பொதுவான ரா வடிவத்துக்கு மாற்றினால் படங்கள் திறக்கும். அதன் பிரிஃபரன்ஸில் 'கேமரா ரா 7.1' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரிஜினலை உள்ளேயே பொதிந்து வைக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் நிரம்பும்.

நிரந்தரமாக மாறுவதென்றால் முதல் வேலை பழைய எடிட்டுகளைக் காப்பாற்றுவது. அவை படத்துக்குள் இல்லை, லைட்ரூமின் பதிவேடான கேட்டலாகில் இருக்கின்றன. லைப்ரரியில் கிரிட் வியூவுக்குப் போய் கன்ட்ரோல்+ஏ, பிறகு கன்ட்ரோல்+எஸ். ஒற்றைப் படம் பெரிதாகத் தெரியும்போது இதைச் செய்தால் அந்த ஒரு படம் மட்டுமே சேமிக்கப்படும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். எடிட், ஸ்டார், கீவேர்டு எல்லாம் எக்ஸ்எம்பி என்ற குறிப்புத் தகவலாகப் படத்தோடு போய்விடும். தேர்வுக்குப் போட்ட கொடி, கலெக்‌ஷன் (தொகுப்பு), விர்ச்சுவல் காப்பி (ஒரே படத்தின் மாற்று எடிட்) போகாது. அதனால் கொடி போட்டவற்றுக்கு முன்கூட்டியே ஸ்டார் கொடுத்துவிடுங்கள். ஆகச் சிறந்த படங்களை, தரம் குறையாத 16 பிட் டிஃப் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். எந்த மென்பொருளும் வேறொன்றின் எடிட்டை அச்சு அசலாகக் காட்டாது.

எதற்கு மாறுவது? டார்க்டேபிள் என்ற ரா எடிட்டரைச் சொல்வேன். இலவசம், சிஆர்3 திறக்கும், ஆயிரக்கணக்கான படங்களைத் தரம் பிரித்து வைக்கும். திறந்ததும் படம் சோபையிழந்து தெரியும், பயப்படாதீர்கள். கேமரா ஜேபெக்கில் தானாகச் சேர்க்கும் கான்ட்ராஸ்ட் இதில் இல்லை, அவ்வளவுதான். முதலில் எக்ஸ்போஷரை ஏற்றி முகத்தின் வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். தீபாராதனைச் சுடர் வெளுத்தாலும் அந்தக் கட்டத்தில் கவலை வேண்டாம். பிறகு சிக்மாய்டு மாட்யூலைப் போட்டு, அதில் கான்ட்ராஸ்டைச் சரிசெய்யுங்கள். அது அதிக வெளிச்சத்தைத் திரைக்கு ஏற்றபடி சுருக்குவதால், சென்சாரில் பதிவான அளவுக்குச் சுடர் திரும்பி வரும். நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான குறை) குறைக்கும் மாட்யூலைக் கடைசியில் போடுங்கள். முன்பே போட்டால் உங்கள் லேப்டாப்பில் ஒவ்வொரு ஸ்லைடருக்கும் காக்க வைக்கும்.

சந்தாவில் வரும் லைட்ரூம் கிளாசிக்கின் ஏஐ டீநாய்ஸ் (நாய்ஸ் நீக்கும் வசதி) பறவைப் படங்களுக்கு அருமை, மறுக்கவில்லை. ஆனால் அது கிராபிக்ஸ் கார்டை நம்பி ஓடுவது. உங்கள் மெஷினில் ஒரு படத்துக்கே பல நிமிடம் பிடிக்கும். அந்தச் சந்தாப் பணத்தைச் சேர்த்து வைத்தால் ரேமுக்காவது ஆகும். நாளை சந்தாவை நிறுத்தினால் திருத்தம் செய்யும் டெவலப் பகுதி பூட்டிக்கொள்ளும். பார்க்கலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம், டெவலப்பில் திருத்த முடியாது.

கேள்வி: அஃபினிட்டி என்ற படத் திருத்த மென்பொருள் இலவசமாகிவிட்டதே, அதுவே போதாதா?
- வாசகி, வேலூர்

பதில்: 2025 அக்டோபரிலிருந்து இலவசம்தான், கேன்வா கணக்கு வேண்டும். ஏஐ கருவிகளுக்கு மட்டும் கட்டணம். லேயர் போட்டு பின்னணி மாற்ற, பழைய படத்தின் கீறலை நீக்க அது போதும். ஆனால் அதில் கேட்டலாக் இல்லை. வளைகாப்பில் எடுத்த 600 படங்களிலிருந்து 40-ஐப் பொறுக்கி, ஒன்றில் செய்த திருத்தத்தை மற்றவற்றுக்கும் ஒட்ட வேண்டுமென்றால் திண்டாடுவீர்கள். அந்த வேலையை டார்க்டேபிளில் முடித்து, டிஃப்பாக்கி அங்கே கொண்டுபோங்கள்.