தவணை கட்டுப்படியாகும், வண்டி கட்டுப்படியாகுமா?

கேள்வி: எனக்கு வயது 23. வேலைக்குச் சேர்ந்து 14 மாதங்கள் ஆகின்றன. ஓட்டுநர் உரிமம் போன மாதம்தான் கைக்கு வந்தது. புதுக் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். முன்பணமே வேண்டாம், 7 வருடத்தில் கட்டினால் போதும் என்கிறார்கள். மாதத் தவணை என் கைக்கு வரும் சம்பளத்தில் 18 சதவீதம்தான். வேறு கடன் இல்லை. நாலு மாதச் சம்பளம் அளவுக்குச் சேமிப்பு இருக்கிறது. அப்பா ஜாமீன் கையெழுத்துப் போடத் தயார். இன்சூரன்ஸையும் அவர் பெயரில் எடுத்தால் மலிவாக முடியும் என்கிறான் நண்பன். வாங்கலாமா சார்?

பதில்: கார் வாங்கலாம். இந்தக் காரை, இந்தக் கணக்கில் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் தவணை இருக்கிறது, வருடம் இருக்கிறது, சேமிப்பு இருக்கிறது. வண்டியின் முழு விலையும் வட்டி விகிதமும் மட்டும் இல்லை. நீங்கள் மறைத்ததாக நான் நினைக்கவில்லை. அந்த இரண்டையும் உங்கள் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கும் இது நடந்தது. முதல் கார் வாங்கப் போன அன்று விற்பனையாளர் கேட்ட முதல் கேள்வி, "மாதம் எவ்வளவு கட்ட முடியும் சார்?" நானும் வெள்ளந்தியாக ஒரு தொகையைச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு மேஜையில் நடந்ததெல்லாம் அந்தத் தொகைக்கு ஏற்றபடி வருடத்தை இழுக்கிற வேலைதான். சீட் கவர், கால்மிதி, துருப்பிடிக்காமல் இருக்க அடிப்பூச்சு, கூடுதல் வாரண்டி என்று ஒவ்வொன்றாகக் கடனுக்குள் போனது. "தவணையில் தெரியவே தெரியாது சார்" என்றார். உண்மைதான், தெரியவில்லை. கால்மிதி இரண்டாம் வருடமே கிழிந்துவிட்டது. அதற்கான வட்டியை ஐந்து வருடம் கட்டினேன்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வண்டியின் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 10 சதவீதம் என்பது என் ஊகம், உங்களுக்குச் சொல்லும் விகிதத்தைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். முழுத் தொகையையும் 7 வருடக் கடனாக எடுத்தால் மாதத் தவணை 1.66, மொத்த வட்டி கிட்டத்தட்ட 39. அதே வண்டிக்கு 20 முன்பணம் கட்டி, மீதி 80-ஐ 4 வருடத்தில் அடைத்தால் தவணை 2.03, மொத்த வட்டி 17 சொச்சம். தவணை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடுகிறது, வட்டியோ பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. புது வண்டியின் மதிப்பு முதல் வருடத்தில்தான் வேகமாக இறங்கும். முதல் வருடம் 20, அடுத்த வருடம் இன்னொரு 10 குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். மாடலைப் பொறுத்து இது கூடும், குறையும். இரண்டு வருடம் கழித்து வண்டியின் மதிப்பு 70. உங்கள் 7 வருடக் கடனில் அப்போது பாக்கி நிற்பது 78. வேலை மாறி, ஊர் மாறி, வண்டியை விற்க வேண்டி வந்தால், வண்டியையும் கொடுத்துவிட்டு மேலே 8-ஐக் கையிலிருந்து போட வேண்டும். முன்பணம் கட்டி 4 வருடத்துக்கு எடுத்தவருக்கு அந்த நேரத்தில் பாக்கி 44தான். அவர் விற்றால் கையில் பணம் மிஞ்சும்.

வண்டி திருடு போனாலோ, விபத்தில் முற்றிலும் நொறுங்கினாலோ இதே கதைதான். இன்சூரன்ஸ் பொதுவாகத் தருவது வண்டியின் அன்றைய மதிப்பைத்தான், உங்கள் கடன் பாக்கியை அல்ல. இந்த இடைவெளிக்கென்றே தனிக் காப்பீடு விற்கிறார்கள். ஆனால் இடைவெளியே வராத மாதிரி கடன் வாங்குவது மலிவு.

வட்டி கேட்கும்போது ஒரு விஷயத்தில் கவனம். "7 சதவீதம்தான்" என்று சொன்னால், ஃபிளாட் ரேட்டா, குறையும் நிலுவைக்கா (அதாவது மீதி நிற்கும் கடனுக்கு மட்டும் வட்டியா) என்று கேளுங்கள். ஃபிளாட் என்றால், நீங்கள் பாதிக் கடனை அடைத்த பிறகும் முழுக் கடனுக்கும் வட்டி போடுகிறார்கள் என்று அர்த்தம். ஐந்து வருடக் கடனில் 7 சதவீத ஃபிளாட், குறையும் நிலுவைக் கணக்கில் ஏறத்தாழ 12.5 சதவீதம். "வட்டியே இல்லை" என்று விளம்பரம் செய்தால், மொத்தப் பணமும் கட்டுகிறவருக்கு என்ன விலை என்று கேளுங்கள். அவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி உங்களுக்கு இல்லையென்றால், அதுதான் உங்கள் வட்டி.

சரி, அப்பாவின் கையெழுத்து. ஜாமீன் என்பது உங்கள் நன்னடத்தைக்கு அவர் தரும் சான்றிதழ் இல்லை. நீங்கள் கட்டாத தவணையை அவர் கட்ட வேண்டும். நீங்கள் பிந்தினால் அவருடைய கடன் வரலாறும் கெடலாம். நாளைக்கு வீட்டுக்காக அவரே கடன் கேட்கப் போனால், வங்கி இதையும் கணக்கில் எடுக்கும். அவர் கையெழுத்து இல்லாமல் எந்த வங்கியும் கடன் தராது என்றால், கடன் தொகையைக் குறைக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நண்பன் சொன்ன இன்சூரன்ஸ் யோசனையை இன்றே மறந்துவிடுங்கள். புதிதாக ஓட்டும் இளைஞர்கள் அதிகம் இடிக்கிறார்கள் என்பதால் பல நாடுகளில் அவர்களுக்குப் பிரீமியம் கூடுதல். அதைத் தவிர்க்க, தினமும் ஓட்டப்போவது நீங்களாக இருக்கும்போது அப்பாதான் முக்கிய ஓட்டுநர் என்று எழுதிக் கொடுத்தால், அது பொய்த் தகவல். மலிவாகத்தான் தெரியும், இடிக்கும் நாள் வரை. அன்றைக்கு நிறுவனம் பணம் தர மறுக்கலாம். உண்மையிலேயே அப்பாவும் ஓட்டுவார் என்றால், அவரைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்ப்பதில் தவறில்லை, சில இடங்களில் பிரீமியமும் குறையும். வண்டியை முடிவு செய்யும் முன்பே பிரீமியம் விசாரியுங்கள். ஒரே விலையுள்ள இரண்டு வண்டிகளுக்குக்கூட இன்ஜின் சக்தியையும் பழுதுச் செலவையும் பொறுத்து அது மாறும்.

அந்த 18 சதவீதத்தோடு செலவு முடிந்துவிடாது. எரிபொருள், இன்சூரன்ஸ், சர்வீஸ், பார்க்கிங், டயர், சில வருடங்களுக்கு ஒருமுறை பேட்டரி எல்லாம் இருக்கிறது. எவ்வளவு ஆகும் என்று நான் சொல்வதைவிட நீங்களே பார்த்துவிடலாம். அடுத்த மூன்று மாதம், சம்பளம் வந்த அன்றே 28 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள். தவணைக்கு 18, ஓட்டும் செலவுக்கு 10. கார் வாங்கிவிட்டது போலவே வாழுங்கள். இருபதாம் தேதிக்கு மேல் அந்தக் கணக்கில் கை வைக்கிறீர்களா என்று பாருங்கள். வைக்கவில்லை என்றால் உங்களிடம் கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும்.

அப்புறம் மூன்று வருடம் ஓடிய வண்டியாகப் பாருங்கள். பெரிய சரிவை முதல் சொந்தக்காரர் ஏற்கெனவே தாங்கியிருப்பார். புதுசின் விலையில் 60-க்குக் கிடைத்தால், 12 முன்பணம் கட்டுங்கள். உங்கள் கணக்கில் அது சுமார் 1.3 மாதச் சம்பளம், இருக்கும் சேமிப்பில் பாதிகூட இல்லை. பழைய வண்டிக் கடனுக்கு வட்டி கொஞ்சம் கூடும், 12 சதவீதம் என்றே வைப்போம். மீதி 48-ஐ 3 வருடத்தில் அடைக்கத் தவணை 1.6-தான். நீங்கள் கட்டத் தயாராக இருக்கும் அந்த 18 சதவீதத்துக்குள்ளேயே, 26 வயதில் வண்டி முழுசாக உங்களுடையது.

புதிதாக ஓட்டுகிறவர் கையில் வண்டி கீறாமல் இருக்காது என்பது இன்னொரு காரணம். பழைய கதவில் ஒரு கோடு விழுந்தால் தூக்கம் போகாது. அதற்கெல்லாம் இழப்பீடு கேட்டு நோ-கிளெயிம் சலுகையை, அதாவது இழப்பீடு கேட்காதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியை, இழக்கவும் வேண்டாம்.

கடனை முதலில் உங்கள் வங்கியில் பேசி, விகிதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு வண்டி பார்க்கப் போங்கள். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள். விற்பவரிடம் பழைய கடன் முழுதும் தீர்ந்ததற்கான ஆவணத்தைப் பாருங்கள். சர்வீஸ் பதிவில் உள்ள கிலோமீட்டர் வரிசையாக ஏறுகிறதா என்று பாருங்கள். விற்பவருக்குத் தெரிந்தவராக இல்லாத ஒரு மெக்கானிக்குக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள். போவது காலையாக இருக்கட்டும், இன்ஜின் ஆறியிருக்கும்போது. போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்னால் ஏன் ஸ்டார்ட் செய்தார்கள் என்று கேளுங்கள்.