கன்சோலில் எழுத்து குழம்பினால்: கேள்வி பதில்

கேள்வி: தமிழ்க் கோப்பைத் திறந்தால் சில இடத்தில் கட்டம், சில இடத்தில் கேள்விக்குறி. எழுத்துருவை மாற்றினால் போதுமா?

பதில்: கட்டத்துக்கு மட்டும் போதும். எழுத்து சரியாக வந்திருக்கிறது, எழுத்துருவில் அதற்கு உருவம் இல்லை என்பதே அதன் பொருள். கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வந்தால், பைட்டுகளை, அதாவது கோப்பில் உள்ள எண்களை, யூடிஎஃப்-8 ஆகப் படிக்க முடியவில்லை. யூடிஎஃப்-8 என்பது யூனிகோட் எழுத்துகளை எண்ணாக்கும் முறை, அதாவது குறியாக்கம். கோப்பு வேறு குறியாக்கத்தில் இருக்கிறது அல்லது நடுவில் வெட்டுப்பட்டிருக்கிறது. வெறும் கேள்விக்குறிதான் பயப்பட வேண்டியது. 'ஓடி' கட்டளையால் பைட்டுகளைப் பத்தடிமான எண்களாகப் பாருங்கள். வரிசையாக 63 (கேள்விக்குறியின் எண்) என்று இருந்தால் எழுத்து கோப்பிலேயே அழிந்துவிட்டது, மூலத்தைத் தேடுங்கள்.

கேள்வி: எனக்குக் கட்டமே இல்லைங்க. தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', இதுவே திரும்பத் திரும்ப வருகிறது.

பதில்: யூடிஎஃப்-8 தமிழை லத்தீன்-1 (ஐஎஸ்ஓ 8859-1 என்ற ஐரோப்பிய எழுத்துக் குறியாக்கம்) ஆகப் படித்தால் வருவது இதுதான். தமிழ் எழுத்தும் அதோடு சேரும் துணைக்குறியும் தனித்தனியே 3 பைட். முதல் இரண்டும் 224, 174 அல்லது 224, 175. 'க' என்பது 224 174 149. கோப்பில் இந்த எண்களே இருந்தால் கோப்பில் கை வைக்காதீர்கள்; டெர்மினலின் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 ஆக்குங்கள். புட்டி என்ற டெர்மினல் மென்பொருளில் அது 'விண்டோ' பகுதியின் 'டிரான்ஸ்லேஷன்' பக்கத்தில் இருக்கிறது.

தவறாகப் படித்ததை யாரோ அப்படியே சேமித்திருந்தால் பைட்டுகள் இரட்டிப்பாகியிருக்கும். 'ஐகான்வ்' என்ற குறியாக்க மாற்றுக் கட்டளை கொண்டு யூடிஎஃப்-8 இலிருந்து ஐஎஸ்ஓ 8859-1க்கு ஒரே ஒரு முறை மாற்றுங்கள். பிழை சொன்னால், லத்தீன்-1ஐ ஒத்த விண்டோஸ் 1252க்கு மாற்றிப் பாருங்கள். 1252இல் ஒரு வம்பு உண்டு: 129, 141, 143, 144, 157 ஆகிய இடங்கள் அதில் காலி. புள்ளியின் கடைசி பைட் 141, உகரக் குறியின் கடைசி பைட் 129. இடையில் இருந்த மென்பொருள் அவற்றை விழுங்கியிருந்தால் 'அம்மா' புள்ளியை இழந்துதான் திரும்பும். அதைக் கையால்தான் திருத்த வேண்டும்.

கேள்வி: என் கணினியில் சரியாகத் தெரிவது, எஸ்எஸ்எச் (தொலைக் கணினி இணைப்பு) வழியாகச் சர்வருக்குப் போனால் குழம்புகிறதே?

பதில்: அங்கே லோகேல் (மொழி, குறியாக்க அமைப்பு) 'சி' ஆக, அதாவது தமிழ் தெரியாத அடிப்படை நிலையில், இருக்கும். 'தமிழ்' என்ற சொல்லை, வரிமுடிவு சேராமல், எண்ணிச் சொல்லும் 'டபிள்யூசி' கட்டளைக்கு அனுப்பி எழுத்துகளை எண்ணச் சொல்லுங்கள் (சின்ன 'எம்' தேர்வு). 5 வந்தால் நலம் (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி). 15 வந்தால் அது பைட்டை எண்ணுகிறது. லோகேலைக் குறிக்கும் 'லாங்' மாறியை மட்டும் மாற்றிவிட்டுப் பலனில்லை என்பவர்கள் 'எல்சி ஆல்' மாறி எங்காவது அமைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது மற்ற எல்லாவற்றையும் மீறும். ஒரே டெர்மினலில் பல அமர்வுகளை நடத்தும் டிமக்ஸுக்குள் மட்டும் குழப்பம் என்றால், அதைச் சின்ன 'யூ' தேர்வோடு தொடங்குங்கள்.

கேள்வி: தெரியாமல் ஒரு பைனரி கோப்பைத் திரையில் கொட்டிவிட்டேன். இப்போது தட்டுவதெல்லாம் கோடும் மூலையுமாக விழுகிறது!

பதில்: அதில் இருந்த 14 என்ற பைட் டெர்மினலை வேறு எழுத்துத் தொகுதிக்குத் தள்ளிவிட்டது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் 'ரீசெட்' என்று தட்டி என்டர் அழுத்துங்கள். என்டர் கேட்கவில்லையென்றால் கன்ட்ரோல்-ஜே.

கேள்வி: லினக்ஸின் வரைகலை இல்லாத கன்சோலில் தமிழ் எழுத்துருவை ஏற்ற முடியுமா?

பதில்: ஏற்றலாம், ஆனால் உருப்படியாகப் படிக்க முடியாது. அங்கே எழுத்துருவுக்கு 512 உருவங்கள்தான் எல்லை. அதைவிட, ஒரு குறிக்கு ஒரு கட்டம் என்று வரைந்துகொண்டே போகும். 'கொ' என்பதில் ககரத்துக்கு முன்னும் பின்னும் குறி வர வேண்டும், அந்த அடுக்கல் அதற்குத் தெரியாது. வரைகலைச் சூழலில் எம்எல்டெர்ம் போன்ற டெர்மினலில் வேலை பாருங்கள்.

கேள்வி: பழைய கோப்பில் 'தமிழ்' என்ற சொல் 'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி' என்று ஆங்கிலத்தில் நிற்கிறது. ஐகான்வ் மாற்றுமா?

பதில்: மாற்றாது. இது பாமினி என்ற பழைய எழுத்துரு முறை, பைட்டுகள் எல்லாம் சாதாரண ஆங்கில எழுத்துகள், எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் வேடம் போட்டது. பாமினிக்கென்றே எழுதிய எழுத்து மாற்றி வேண்டும். திஸ்கி (யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியாக்கம்) கோப்பு அப்படியல்ல. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் ஐகான்வுக்கு அது தெரியும், முன்னால் நிற்கும் கொம்பையும் இடம் மாற்றித் தரும்.